இடித்த அரண்மனையில் எழுந்த சட்டமன்றம்



வரலாற்று வகுப்பில் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்க. ஜெர்மனியின் போட்ஸ்டாம் நகரில் இருக்கும் பிராண்டன்பர்க் மாநிலச் சட்டமன்றத்தின் படத்தைக் காட்டி, "இது எப்போ கட்டினது?" என்று கேளுங்க. உயர்ந்த தூண்களையும் வேலைப்பாடுள்ள நுழைவாயிலையும் பார்த்தவுடன், "எப்படியும் முந்நூறு வருஷம் இருக்கும்!" என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் இந்தக் கட்டடம் பயன்பாட்டுக்கு வந்தது 2014 ஜனவரியில்தான். நம் மாணவர்களில் சிலர் இதைவிட மூத்தவர்கள்!

அவர்கள் சொன்ன விடையிலும் பாதி உண்மை உண்டு. 17ஆம் நூற்றாண்டில் பிராண்டன்பர்க்கை ஆண்ட ஃபிரெடரிக் வில்லியம் இதே இடத்தில் ஓர் அரண்மனை கட்டினார். 1701இல் அவருடைய மகன் பிரஷ்ய மன்னராக முடிசூடியதன் நினைவாக ஃபார்ச்சுனா வாயில் எழுந்தது. பிறகு, மாமன்னர் ஃபிரெடரிக் காலத்தில், 1744 முதல் 1752 வரை, க்னோபெல்ஸ்டோர்ஃப் என்ற கட்டடக் கலைஞர் அரண்மனையைப் புதுப்பித்தார். இன்று படத்தில் தெரியும் முகப்பு அவர் கொடுத்த வடிவம்தான்.

1945 ஏப்ரல் 14 இரவு பிரிட்டிஷ் விமானங்கள் போட்ஸ்டாம்மீது குண்டு வீசின. அரண்மனை எரிந்தது, ஆனால் வெளிச்சுவர்களில் பெரும்பகுதி தப்பி நின்றது. அதைப் பழுதுபார்த்திருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். கிழக்கு ஜெர்மனியின் அரசுக்கு அது பிரஷ்ய மன்னராட்சியின், ராணுவ வெறியின் அடையாளமாகத் தெரிந்தது. 1959-60இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். கூரைமேல் நின்ற சிலைகளில் சில, பெர்லின் ஹம்போல்ட் பல்கலைக்கழகத்தின் கூரைக்குப் போய்ச் சேர்ந்தன.

இன்னொரு செய்தியையும் சேர்த்துப் படிக்கணும். அதே அரசு 1952இல் மாநிலங்களையே கலைத்துவிட்டது. பிராண்டன்பர்க் என்ற மாநிலமே இல்லாமல் போனது. 1990இல் ஜெர்மனி ஒன்றிணைந்தபோதுதான் அது மறுபடி பிறந்தது. ஆக, கட்டடத்தைப் போலவே மாநிலமும் ஒருமுறை அழிந்து எழுந்ததுதான். புதிய சட்டமன்றம் ஒரு குன்றின்மேல் இருந்த பழைய ராணுவப் பள்ளிக் கட்டடத்தில் கூடிவந்தது.

தொலைக்காட்சி நெறியாளர் ஒருவரின் நன்கொடையால் 2002இல் ஃபார்ச்சுனா வாயில் மட்டும் தனியாக எழுந்தது. பின்னாலே அரண்மனை இல்லை, முன்னாலே வாசல் மட்டும்! 2005இல், அரண்மனை நின்ற இடத்தில் அதே சுற்றளவில் சட்டமன்றம் கட்ட முடிவானது. பழைய முகப்பைக் கொண்டுவரத்தான் பணம் போதவில்லை. எஸ்.ஏ.பி. மென்பொருள் நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவரான ஹாஸோ பிளாட்னர் 2007இல் 2 கோடி யூரோ தர முன்வந்தார்.

கட்டடக் கலைஞர் பீட்டர் குல்கா வெளியே பழைய முகத்தை வைத்தார். உள்ளே முழுக்க இக்கால அலுவலகம் அமைத்தார். அறைகளுக்கு இடம் வேண்டி, பக்கவாட்டுப் பகுதிகளை உள்பக்கமாக அகலப்படுத்தினார். அதனால் முற்றம் சுருங்கியது. மீட்டெடுத்த பழைய கல்துண்டுகளைப் புதிய சுவரில் பதித்தார்கள். கருத்துத் தெரியும் கல் பழசு, வெளுத்தது புதுசு. மன்றக்கூடம் வெண்மையாக இருக்கிறது. அங்கே வைத்த வெள்ளைக் கழுகைப் பார்த்து உறுப்பினர்கள் பலர் முணுமுணுத்தார்கள். மாநிலச் சின்னம் சிவப்புக் கழுகாச்சே! பின்னர் சிவப்புக் கழுகு வந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது மேற்குச் சுவர். அங்கே பொன்னெழுத்தில் பிரெஞ்சு மொழியில் ஒரு வரி: 'இது அரண்மனை அல்ல.' குழாய்ப் படத்தை வரைந்து அடியில் 'இது குழாய் அல்ல' என்று எழுதிய ஓவியர் மக்ரித்தின் குறும்பு, அன்னெட் பால் என்ற கலைஞரின் கையில் இப்படி வந்திருக்கிறது.

இப்படிக் கட்டியது சரியா? "போலி" என்கிறார்கள் சிலர். மன்னர்கள் காலத்தை மட்டும் மீட்டுவிட்டு, அதற்குப் பின்வந்த நாற்பது வருஷத்தைத் துடைக்கலாமா என்று கேட்கிறார்கள். செல்வந்தரின் பணம் ஊரின் முகத்தைத் தீர்மானிக்கலாமா என்பதும் நியாயமான கேள்விதான். ஆனாலும் இந்தக் கட்டடம் தன் வயதை மறைக்கவில்லை என்பதே என் கருத்து. கல்லின் நிறமும் சுவரின் வரியும் உண்மையைச் சொல்லிவிடுகின்றன. மன்னர் வாழ்ந்த இடத்தில் இப்போது வாக்காளர் அனுப்பிய பிரதிநிதிகள் வாதாடுகிறார்கள்.

வகுப்பில் மாணவர்களை இரு அணியாகப் பிரித்து இதை விவாதிக்க விடுங்க. தொடங்குமுன் மூன்று கேள்விகளைப் பலகையில் எழுதுங்க: கட்டியது யார்? இடித்தது யார்? திரும்பக் கட்டியது யாருக்காக? பிறகு உங்கள் ஊரின் பழைய கட்டடம் ஒன்றுக்கும் இதே கேள்விகளைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்க. பதில் தேடி வீட்டுப் பெரியவர்களைக் கேட்கத் தொடங்குவார்கள், பாருங்க!