மெதூஸ் கிழவரின் மாணவன்

நன்றாகக் கட்டுரை எழுதியதற்காக ஒரு பையன் வாத்தியாரிடம் திட்டு வாங்கியதுண்டா? உண்டு. மார்ட்டினீக் தீவைச் சேர்ந்த ஜோசப் ஸோபெல் 1950-ல் வெளியிட்ட நாவலில் அப்படி ஒரு காட்சி வருகிறது. கரும்புத் தோட்டக் கூலிக்காரியின் பேரன் ஜோஸே பட்டணத்துப் பெரிய பள்ளியில் படிக்கிறான். சிறு வயதில் தனக்குக் கதை சொன்ன ஒரு கிழவரைப் பற்றி மனமுருகி எழுதுகிறான். வாத்தியாருக்கு நம்பிக்கை வரவில்லை. இத்தனை அழகாக இந்தப் பையனால் எழுத முடியாது, எங்கோ பார்த்துக் காப்பியடித்திருக்கிறான் என்று முடிவு கட்டிவிடுகிறார்.

பையன் யாரையும் காப்பியடிக்கவில்லை. முதன்முறையாகத் தன் சொந்த வாழ்க்கையை எழுதினான். அதுதான் குற்றமாய்ப் போயிற்று!

இதை ஒரு வாத்தியாரின் அவசர புத்தி என்று விட்டுவிடலாமா? முடியாது. அதன் பின்னால் ஒரு தீவின் சரித்திரமே இருக்கிறது.

மார்ட்டினீக் கரீபியன் கடலோரத்தில் உள்ள சிறிய தீவு. 1635-ல் பிரெஞ்சுக்காரர்கள் அங்கே குடியேறினார்கள். கரும்பு போட்டார்கள். கரும்பு வெட்ட ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். 1848-ல் அடிமைத்தளை நீங்கியது. ஆனால் நிலமும் ஆலையும் பழைய எஜமானர்களிடமே இருந்தன. நேற்றுவரை அடிமையாகக் கரும்பு வெட்டியவன் மறுநாள் கூலியாக அதே கரும்பை வெட்டினான். தங்கியதும் அதே குடிசை வரிசையில்தான். ஸோபெலின் நாவலுக்குப் பெயரே அந்தக் குடிசைத் தெருதான்.

நமக்கும் அந்தத் தீவோடு ஓர் உறவு உண்டு. விடுதலை பெற்றவர்களில் பலர் தோட்ட வேலைக்குத் திரும்ப மறுத்தபோது, முதலாளிகள் இந்தியாவின் பக்கம் திரும்பினார்கள். 1853 முதல் முப்பது ஆண்டுகளில் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களின் வழியாகச் சுமார் 25,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாக மார்ட்டினீக் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழர். அவர்களுடைய சந்ததியார் இன்றும் அங்கே இருக்கிறார்கள்; வீட்டில் பேசுவது தமிழ் அல்ல. 'கொலொம்போ' என்று ஒரு மசாலாக் கறி அங்கே பிரசித்தம். நம்முடைய குழம்புதான் அப்படி உருமாறியது என்று பலர் கருதுகிறார்கள். ஒரு மொழியே போய், அடுப்பங்கரையில் ஒரு சொல் மட்டும் தங்கியது என்றால், பிள்ளைகளுக்கு எதைக் கற்றுக்கொடுப்பது என்ற கேள்வி எவ்வளவு பெரியது என்பது விளங்கும்.

ஸோபெல் 1915-ல் ரிவியேர் சாலே என்ற ஊருக்கருகே பிறந்தார். தாயார் பட்டணத்தில் வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்றில் வேலைக்கு இருந்ததால் பாட்டிதான் வளர்த்தாள். உபகாரச் சம்பளத்தில் படித்தார். நாவலில் வரும் ஜோஸே பெரும்பாலும் அவரேதான்.

அந்த நாளில் அந்தப் பள்ளிக்கூடம் எப்படி இருந்தது? பாரீஸில் எந்தப் பாடப் புத்தகமோ, அதேதான் அங்கேயும். கறுப்புக் குழந்தைகள் வரிசையாக உட்கார்ந்துகொண்டு, தங்கள் மூதாதையர் பிரான்ஸின் பழங்குடிகளான கால்கள் என்று உரக்கப் பாடம் படித்தார்கள். வீட்டிலும் தெருவிலும் பேசிய கிரியோல் மொழிக்கு வகுப்பில் இடமில்லை. வாய் தவறிப் பேசினால் தண்டனை. பாட்டியின் பேச்சு படிப்பாளிக்குக் கூடாத பேச்சு என்பதுதான் பையன் கற்கும் முதல் பாடம்.

ஆனால் ஜோஸேக்கு இன்னொரு பள்ளிக்கூடமும் இருந்தது. குடிசைத் தெருவின் கடைசியில், இருட்டிய பிறகு, மெதூஸ் கிழவரின் காலடியில் நடந்த பள்ளிக்கூடம் அது. தான் பார்த்தேயிராத ஆப்பிரிக்காவைப் பற்றிக் கிழவர் சொல்வார். தன் தகப்பன் சொன்ன அடிமைக் காலத்துக் கதைகளைச் சொல்வார். நடுவே விடுகதை போடுவார். அந்தத் தீவுகளில் பழைய விடுகதை ஒன்று உண்டு: நிற்கிற தண்ணீர் எது, தொங்குகிற தண்ணீர் எது? நிற்பது கரும்பு, தொங்குவது தேங்காய். நம் ஊர்ப் பாட்டிமார் கேட்டால், இதை நாமல்லவா போட்டோம் என்பார்கள்! இப்படிச் சுற்றியுள்ள மண்ணைக் கூர்ந்து பார்க்கவும், பார்த்ததை வார்த்தையில் பிடிக்கவும் பையன் பழகினான். பட்டணத்து வாத்தியார் காப்பி என்று சந்தேகித்த எழுத்துத் திறமை இங்கே கிடைத்ததுதான்.

அப்படியானால் பிரெஞ்சுப் பள்ளிக்கூடம் வேண்டாம் என்கிறாரா ஸோபெல்? அதுவுமில்லை. தோட்டத்தில் மற்றப் பிள்ளைகளைச் சில காசுக்காகக் களையெடுக்கும் கூட்டத்தில் சேர்த்துவிடுகிறார்கள். ஜோஸேயின் பாட்டி மாம் தீன் மட்டும் ஒப்பவில்லை. தன் இடுப்பு ஒடிந்தாலும் பேரன் கரும்புக் காட்டில் கால் வைக்கக் கூடாது, படிக்க வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறாள். அவளுக்குத் தெரிந்த ஒரே விடுதலை வாசல் அந்தப் பள்ளிக்கூடம். அந்த வாசலோ அவள் பேச்சை வெளியே விட்டுவிட்டு வரச் சொல்கிறது. இரண்டும் உண்மை. இரண்டில் எதையும் மறைக்காமல் சொன்னதனால்தான் அது நல்ல நாவலாயிற்று.

ஸோபெல் எழுத்துக்கு வந்ததிலும் ஒரு வாத்தியாருக்குப் பங்கு உண்டு. போர் த பிரான்ஸ் நகரத்துப் பள்ளியில் அவர் வேலை பார்த்தபோது, அங்கே ஆசிரியராக இருந்த கவி எமே செஸேர் அவரை நாவல் எழுதும்படி தூண்டினார். முதல் நாவலை, தீவை அப்போது ஆண்ட விஷி அரசின் தணிக்கை தடுத்துவிட்டது. போர் முடிந்த பிறகே அது அச்சேறியது. 1946-ல் பாரீஸ் சென்ற ஸோபெல் 1957-ல் செனகல் நாட்டுக்குப் போனார். அங்கே பள்ளித் தலைவராக இருந்தார். பிறகு வானொலியில் கலை நிகழ்ச்சிகள் தயாரித்தார். மெதூஸ் கிழவர் கனவில் மட்டுமே கண்ட ஆப்பிரிக்காவில் அவருடைய மாணவன் வாத்தியாராகப் போய் உட்கார்ந்தான்!

கதை இத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் 1958-ல் மார்ட்டினீக்கில் பிறந்த யூஸான் பால்ஸி என்ற பெண், பதினாலு வயதில் இந்த நாவலைப் படித்தாள். தன் தீவை, தன் ஜனங்களை ஒரு புத்தகத்தில் கண்டதும் இதைப் படமாக எடுத்தே தீருவது என்று தீர்மானித்தாள். 1975-ல் பாரீஸ் சென்று இலக்கியமும் சினிமாவும் படித்தாள். புகழ்பெற்ற டைரக்டர் த்ரூஃபோ ஊக்கம் அளித்தார். ஊரில் மேயராக இருந்த செஸேரும் கைகொடுத்தார். 1983-ல் படம் வெளிவந்தது; வெனிஸ் விழாவில் வெள்ளிச் சிங்கம் பரிசு பெற்றது. பாட்டியாக நடித்த எழுபத்தைந்து வயது டார்லிங் லெஜிதிமுஸுக்குச் சிறந்த நடிகை என்ற கௌரவம் கிடைத்தது.

படத்தில் அந்த வாத்தியார் குடிசையைத் தேடி வந்து பையனிடம் மன்னிப்புக் கேட்கிறார். பாட்டி இறந்த பிறகு, பட்டணம் திரும்பும்போது தன் குடிசைத் தெருவையும் கூடவே கொண்டுபோவதாக ஜோஸே மனத்துக்குள் சொல்லிக்கொள்கிறான். பால்ஸி சொல்ல விரும்பியது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. வாசலில் எதையும் கழற்றி வைக்காமல், பாட்டியோடும் கிழவரோடும் உள்ளே நுழைகிறான் பையன்.

பால்ஸி அம்மையார் பிறகு எடுத்த படங்களும் பள்ளிக்கூட வாசலை விட்டு வெகு தூரம் போகவில்லை. 1989-ல் வந்த 'எ ட்ரை ஒயிட் சீசன்' தென்னாப்பிரிக்காவைப் பற்றியது. ஆப்பிரிகான்ஸ் மொழியில் பாடம் திணிக்கப்பட்டதை எதிர்த்து 1976-ல் சோவெட்டோ மாணவர்கள் கிளர்ந்தெழுந்து குண்டடிபட்ட கதை. அதன் நாயகனும் ஒரு வெள்ளைக்கார வாத்தியார்தான். ஹாலிவுட்டின் பெரிய ஸ்டூடியோ ஒன்றுக்காகக் கறுப்பினப் பெண் டைரக்ட் செய்த முதல் படம் அது. 1998-ல் ரூபி பிரிட்ஜஸ் என்ற ஆறு வயதுச் சிறுமியின் கதையை எடுத்தார். 1960-ல் நியூ ஆர்லியன்ஸ் நகரில், வெள்ளையர் மட்டுமே படித்த பள்ளிக்கு அரசாங்கக் காவலோடு நடந்து போன குழந்தை அவள். மற்றப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்விட, ஒரே ஒரு ஆசிரியை அவளைத் தனியாக உட்காரவைத்துப் பாடம் சொன்னாள். 2022-ல் பால்ஸிக்குக் கௌரவ ஆஸ்கார் பரிசு அளிக்கப்பட்டது.

தீவிலும் காலம் மாறாமல் இல்லை. செஸேர் மேயராக இருந்தபோது 1976-ல் நகரசபையின் கலைப் பிரிவு ஒன்று ஏற்பட்டது. ஊர்ப் பிள்ளைகள் நாடகம், நடனம், வாத்தியம் எல்லாம் பழகப் பட்டறைகள் நடத்தியது. ஒரு காலத்தில் தண்டனைக்குரியதாக இருந்த கிரியோலைப் பள்ளிகளில் கற்பிக்க ஆசிரியர்களைத் தேர்ந்தெடுக்கும் தேர்வைப் பிரெஞ்சு அரசாங்கமே 2001-ல் ஏற்படுத்தியது. ஸோபெல் 2006-ல் காலமானார். அவர் பிறந்த ரிவியேர் சாலேயில் உள்ள உயர்நிலைப் பள்ளிக்கு இப்போது அவர் பெயர்தான்.

பெயர்ப் பலகை மாட்டுவது சுலபம். அந்தப் பள்ளியில் ஒரு பெண்ணோ பையனோ தன் பாட்டியைப் பற்றி, பாட்டியின் வார்த்தைகளிலேயே ஓர் அழகான கட்டுரை எழுதும்போது, வாத்தியார் சந்தேகப்படாமல் சந்தோஷப்பட வேண்டும். அந்த நாளில்தான் மெதூஸ் கிழவர் நடத்திய இருட்டுப் பள்ளிக்கூடமும் வெளிச்சத்துக்கு வந்ததாக அர்த்தம். இது மார்ட்டினீக்குக்கு மட்டும் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.