கடைசி எண்ணும் கடைசி நாளும்: புதிய பதிவுகளை மட்டும் கேட்டுப் பெறும் முறையின் வரலாறு

பழைய நூலகங்கள் பலவற்றிலும் ஒரு சேர்க்கைப் பதிவேடு உண்டு. புதிய நூல் வந்ததும் அதற்கு அடுத்த வரிசை எண் இடப்படும். நேற்று எந்த எண்ணில் முடிந்ததோ, அதற்கடுத்த எண்ணில் இன்றைய பணி தொடங்கும். சீர்காழியில் பிறந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன், 1931இல் வெளியிட்ட நூலக அறிவியல் விதிகள் ஐந்தனுள் இறுதியானது, நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் ஓர் உயிரி என்பதாகும். வளரும் ஒன்றை நாள்தோறும் முதலிலிருந்து எண்ணிக்கொண்டிருக்க இயலாது. கணினித் தரவுத்தளங்களும் இவ்வுண்மையைப் பின்னாளில் எதிர்கொண்டன.

1991 ஆகஸ்டில் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் பால் கின்ஸ்பார்க், இயற்பியல் முன்வரைவுக் கட்டுரைகளுக்கான களஞ்சியம் ஒன்றைத் தொடங்கினார். இன்று ஆர்க்கைவ் எனப்படுவது அதுவே. அதைத் தொடர்ந்து பல துறைகளிலும் களஞ்சியங்கள் தோன்றின. அவற்றையெல்லாம் ஒருசேரத் தேட இரு வழிகள் இருந்தன. வாசகரின் ஒவ்வொரு வினாவையும் எல்லாக் களஞ்சியங்களுக்கும் உடனுக்குடன் அனுப்புவது ஒன்று. இதில் மிக மெதுவான கணினிக்காக மற்றவை காத்திருக்க நேரும். நூல்விவரங்களை முன்கூட்டியே ஓரிடத்தில் திரட்டி வைப்பது மற்றொன்று. 1999 அக்டோபரில் சாண்டா ஃபே நகரில் கூடியோர் இரண்டாம் வழியைத் தேர்ந்தனர். ஹெர்பர்ட் வான் டி சோம்பல், கார்ல் லகோஸ் ஆகியோரின் பெரும்பங்களிப்பால் உருவான ஓ.ஏ.ஐ. அறுவடை நெறிமுறையின் முதற்பதிப்பு 2001 ஜனவரியிலும், இன்றுவரை வழங்கும் இரண்டாம் பதிப்பு 2002 ஜூனிலும் வெளிவந்தன.

இந்நெறிமுறையில் கேள்விகள் ஆறே. அவற்றுள் பதிவுகளைக் கேட்கும் கேள்வியோடு ஒரு நாளையும் சேர்த்து அனுப்பலாம்: ‘இந்நாள் முதல் மாறியவற்றை மட்டும் தருக.’ முதன்முறை முழுவதும் பெறப்படும். அதன்பின் புதியனவும் திருத்தப்பட்டனவும் மட்டுமே வரும். பட்டியல் நீண்டால் அது பகுதி பகுதியாக வரும்; ஒவ்வொரு பகுதியின் இறுதியிலும் அடுத்த பகுதியைக் கேட்பதற்கான தொடர்குறி இருக்கும். இன்றைய ஏ.பி.ஐ.கள் பலவற்றிலும் இதே அமைப்பைக் காணலாம்.

எளிய ஏற்பாடாகத் தோன்றினும், இதில் நுட்பமான இடர்கள் நான்கு உண்டு.

முதலாவது, நாள் என்பதன் பொருள். இங்குக் கருதப்படுவது நூல் வெளியான நாளன்று. களஞ்சியத்தில் அப்பதிவு சேர்ந்த அல்லது மாறிய நாள். 1975இல் எழுதப்பட்ட ஆய்வேடு இன்று மின்வடிவில் ஏற்றப்பட்டால் அது இன்றைய பதிவே.

இரண்டாவது, எல்லை. கேட்கும் நாளும் கணக்கில் சேர்வதால், சில பதிவுகள் மீண்டும் வரும். அதனால் ஒவ்வொரு பதிவின் தனி அடையாளத்தையும் ஒப்பிட்டு, இருப்பதைப் புதுப்பித்தும் இல்லாததைச் சேர்த்தும் செல்ல வேண்டும். இரட்டிப்பைக் களைந்துவிடலாம், விடுபட்டதையோ கண்டறிவதே அரிது. எனவே சற்று முன்னதாகத் தொடங்குவதே நன்று.

மூன்றாவது, கடிகாரம். நெறிமுறை உலகப் பொது நேரத்தையே ஏற்கும். இந்திய நேரமோ அதற்கு ஐந்தரை மணி முந்தியது. இந்திய நேரப்படி அதிகாலை 4 மணிக்குப் பணியைத் தொடங்கிய ஒரு நிரல், அந்த 4 மணியையே உலக நேரமாகக் குறித்துக்கொண்டால், அதன்பின் ஐந்தரை மணி நேரத்தில் சேரும் பதிவுகள் ஒருபோதும் கேட்கப்படமாட்டா. பிழைச்செய்தி எதுவும் எழாது. வழங்கும் கணினி தன் விடையில் குறித்தனுப்பும் நேரத்தையே அடுத்த தொடக்கமாகக் கொள்வது இதற்குத் தீர்வு.

நான்காவது, நீக்கம். புதியதை மட்டும் கேட்பவருக்கு, இல்லாமற்போனது தெரியாது. அதனால் நீக்கப்பட்ட பதிவுக்கும் ஓர் அடையாளம் விட்டுவைக்க நெறிமுறை இடந்தந்தது. எல்லாக் களஞ்சியங்களும் அதைப் பின்பற்றுவதில்லை. ஆதலால் அவ்வப்போது முழுமையாகச் சரிபார்ப்பது தவிர்க்கவியலாதது.

இந்தியாவில் இதன் பயன் பெரிது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் 2002இலேயே தன் களஞ்சியத்தைத் தொடங்கியது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிமுறைகள் ஆய்வேடுகளின் மின்படியைக் கோரின; அவற்றைக் காந்திநகரிலுள்ள இன்ஃபிளிப்நெட் மையத்தின் சோத்கங்கா திரட்டுகிறது. கரக்பூர் ஐ.ஐ.டி. உருவாக்கிய தேசிய மின்னூலகம் பல நிறுவனங்களின் விவரங்களை ஒரே தேடலில் தருகிறது.

ஒரு சிற்றூர்க் கல்லூரியில் பல்லாண்டு உழைத்து எழுதிய ஆய்வேடு, அந்த ஐந்தரை மணி நேர இடைவெளியில் விழுந்துவிட்டால், தேடுவோருக்கு அது எழுதப்படாததே ஆகும். மற்றொருவர் அதே பொருளை முதலாய்வு என எண்ணி மீண்டும் தொடங்குவார். பதிவேட்டில் எண் தவறினால் வரிசையில் விழும் வெற்றிடத்தைப் பழைய நூலகர் கண்ணால் கண்டார். நாளைக் கொண்டு கேட்கும் நிரலுக்கு அவ்வெற்றிடம் புலப்படாது. எத்தனை பதிவுகள் அங்குள்ளன, எத்தனை இங்கு வந்தன என்று ஒப்பிட்டுப் பார்க்கும் பணி இன்றும் மனிதரிடமே உள்ளது.