காத்திருந்தால்தான் கிடைக்கும்: அமெரிக்க உதவித்தொகையின் கதை

"சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டார்" என்று நம் ஊரில் சொல்வார்கள். அரசு அலுவலகத்துக்கு நடையாய் நடந்தவர்களுக்கு இதன் அர்த்தம் நன்றாகவே தெரியும். ஆனால் உடல் முடியாமல் வேலையை விட்டவர்களுக்கு அமெரிக்க அரசு தரும் உதவித்தொகையின் வரலாற்றைப் பார்த்தால், காத்திருக்கச் சொன்னது பூசாரி மட்டுமல்ல, சாமியும்தான்!

1935 ஆகஸ்டில் அதிபர் ரூஸ்வெல்ட் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். முதியவர்களுக்கு ஓய்வூதியம் வந்தது, வேலை இழந்தவர்களுக்கு உதவி வந்தது. நோயாலோ விபத்தாலோ வேலை செய்ய முடியாமல் போன தொழிலாளிக்குக் காப்பீடு மட்டும் வரவில்லை. இத்தனைக்கும் ரூஸ்வெல்ட்டே போலியோவால் கால்கள் செயலிழந்தவர்.

காரணம் என்ன? வயதைச் சான்றிதழில் பார்த்துவிடலாம். "என்னால் வேலை செய்ய முடியாது" என்பதை எதை வைத்து அளப்பது? வேலை கிடைக்காதவர்கள் எல்லாரும் நோயாளி என்று வந்து நின்றால் செலவு எங்கே போய் முடியும்? இந்தப் பயத்திலேயே இருபது வருடங்கள் ஓடிவிட்டன.

ஒருவழியாக 1956-இல் உதவித்தொகை வந்தது. அமெரிக்க மருத்துவச் சங்கம் கடுமையாக எதிர்த்தது. செனட்டில் 47-க்கு 45 என்ற கணக்கில்தான் தப்பியது. அதிபர் ஐசன்ஹோவர் கையெழுத்திட்டார். ஆனால் அந்தப் பழைய பயம் சட்டத்துக்குள்ளேயே புகுந்துகொண்டது. 50 வயது ஆகியிருக்க வேண்டும், முதல் ஆறு மாதத்துக்குப் பணம் கிடையாது என்று இரண்டு நிபந்தனைகள். வயது வரம்பு 1960-இல் போனது. ஆறு மாதம் 1972-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் ஐந்தானது. அந்த ஐந்து மாதம் இன்றும் இருக்கிறது.

இது சட்டம் விதித்த காத்திருப்பு. அலுவலகத்தின் காத்திருப்பு தனிக் கதை.

விண்ணப்பத்தை முதலில் மாநில அலுவலகம் மருத்துவ ஆவணங்களை வைத்துப் பரிசீலிக்கும். நிராகரித்தால் மறுபரிசீலனை கேட்கலாம். அதுவும் போனால் நிர்வாக நீதிபதி முன் விசாரணை. அதற்கு மேலும் முறையீடுகள் உண்டு. இதில் பெரிய சிக்கல், காத்திருக்கும் நாட்களில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் சம்பாதித்தால், "வேலை செய்ய முடிகிறதே!" என்று விண்ணப்பமே தள்ளுபடியாகும். அதாவது வருமானமும் கூடாது, உதவியும் வராது.

கிடைத்துக்கொண்டிருந்த உதவியை நிறுத்தினாலும் அன்று இதே கதிதான் இருந்தது. 1976-இல் மேத்யூஸ் எதிர் எல்ட்ரிட்ஜ் வழக்கில், முன்கூட்டியே நேரடி விசாரணை நடத்தாமல் உதவித்தொகையை நிறுத்தலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிறுத்தியபின் இறுதி முடிவு வர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும் என்பது நீதிபதிகளுக்குத் தெரிந்தேதான் இருந்தது.

இதன் விளைவு 1981-இல் தெரிந்தது. பயனாளிகளை மூன்று வருடத்துக்கு ஒருமுறை மறுஆய்வு செய்யச் சொல்லி கார்ட்டர் காலத்தில் ஒரு சட்டம் வந்திருந்தது. அதை ரீகன் அரசு அவசர அவசரமாக நடத்தியது. சில வருடங்களில் சுமார் 5 லட்சம் பேரின் உதவி நிறுத்தப்பட்டது. முறையீடு செய்து திரும்பப் பெற்றவர்கள் மட்டும் 2 லட்சத்துக்கு மேல். எதிர்ப்பு வலுக்கவே, 1984-இல் இரு அவைகளிலும் ஒரு எதிர்ப்பு ஓட்டுகூட இல்லாமல் சீர்திருத்தச் சட்டம் நிறைவேறியது. உடல்நிலை தேறியிருப்பதைக் காட்டினால்தான் பொதுவாக உதவியை நிறுத்த முடியும் என்று ஆனது.

ஆனாலும் புதிய விண்ணப்பதாரர்களின் வரிசை குறையவில்லை. 2017-இல் நீதிபதி விசாரணைக்கான சராசரிக் காத்திருப்பு 600 நாட்களைத் தாண்டியது. நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2020-இல் ஒரு கணக்கு வெளியிட்டது. 2008 முதல் 2019 வரையிலான நிதியாண்டுகளில் முறையீடு செய்துவிட்டு, இறுதி முடிவு வருவதற்கு முன்பே இறந்தவர்கள் 1,09,725 பேர். 2014 முதல் 2019 வரை சுமார் 48,000 பேர் காத்திருக்கும்போதே திவால் மனு கொடுத்தார்கள். அதன் பிறகு முதல்கட்ட முடிவும் தாமதமானது. 2023, 2024-இல் அதற்கே சராசரியாக ஏழு மாதத்துக்கு மேல் ஆனது.

வேகமாகச் செய்யவே முடியாதா? முடியும். 2008-இல் 50 கொடிய நோய்களைப் பட்டியலிட்டு, அவற்றுக்கு விரைவாக முடிவெடுக்கும் முறை வந்தது. 2020 டிசம்பரில், ஸ்டீபன் ஹாக்கிங்கைத் தாக்கிய ஏ.எல்.எஸ். நோய்க்கு ஐந்து மாதக் காத்திருப்பே நீக்கப்பட்டது. நோய் தெரிந்த சில வருடங்களிலேயே பலர் இறந்துவிடும் நோய் அது. அவர்களை ஐந்து மாதம் காக்க வைப்பது நியாயமில்லை என்று உணர, 1956-இலிருந்து 64 வருடங்கள் ஆகியிருக்கின்றன.

உதவி அனுமதிக்கப்பட்டால் விதிகளுக்கு உட்பட்டு நிலுவைத் தொகை கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் வீட்டு வாடகையும் மருந்துச் செலவும் மாதாமாதம் வருபவை. ஏமாற்றுபவர்களைத் தடுக்க வைத்த காத்திருப்பில், ஏமாற்றுபவருக்கும் உண்மையான நோயாளிக்கும் ஒரே வரிசைதான். அந்த வரிசையில் நிற்க உடம்பில் தெம்பு இல்லாதவர் நோயாளிதான்.