ஆறு புள்ளிகளும் ஒரு மென்பொருளும்

லிஃப்ட் பொத்தான்களின் ஓரத்தில் சிறு சிறு புள்ளிகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை பிரெய்ல் எழுத்துகள். சிறு வயதிலேயே பார்வை இழந்த பிரான்ஸ் நாட்டு லூயி பிரெய்ல், 1824-இல் தம் 15 வயதில் உருவாக்கிய முறை இது. ஆறு புள்ளிகளை மாற்றி மாற்றி வைத்தால் 63 குறிகள் கிடைக்கும். எண்ணுக்கென்று தனிக் குறிகள் கிடையாது. ஆங்கில 'டி' எழுத்துக்கு முன்னால் எண் குறி வந்தால், அதுவே 4.

நெடுங்காலம் பிரெய்ல் புத்தகங்களை மனிதர்களே படித்துப் பார்த்து மாற்றி எழுதினார்கள். கணினியிடம் ஒப்படைப்பது எளிதாக இருக்கவில்லை. இடத்தை மிச்சப்படுத்த ஆங்கில பிரெய்லில் பல சுருக்கக் குறிகள் உண்டு. 'தி' என்ற சொல்லின் மூன்று எழுத்துகளுக்கும் சேர்த்து ஒரே குறி. ஆனால் 'ஸ்வீட்ஹார்ட்' என்ற சொல்லின் நடுவில் அதே மூன்று எழுத்துகள் வந்தாலும் அந்தக் குறியைப் போடக்கூடாது, ஏனென்றால் அங்கே இரண்டு சொற்கள் ஒட்டியிருக்கின்றன. கணினிக்கு இது எப்படித் தெரியும்? இப்படிப்பட்ட விதிகளையும் விதிவிலக்குகளையும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது.

1960-களில் அமெரிக்காவின் லூயிவில் நகரிலுள்ள பார்வையற்றோர் அச்சகம், ஐபிஎம் 709 கணினியை இந்த வேலையில் ஈடுபடுத்தியது. 1970-இல் 'டாட்சிஸ் 3' என்ற நிரல் கோபால் மொழியில் வந்தது. அதில் உழைத்தவர்கள் 1975-இல் தொடங்கிய டக்ஸ்பரி நிறுவனத்தின் மென்பொருள் இன்றும் பிரெய்ல் அச்சகங்களில் புழக்கத்தில் உள்ளது. ஆனால் அது விலைக்கு வாங்க வேண்டியது.

2002-இல் ஜான் பாயர் என்ற அமெரிக்கர் 'லிப்லூயி' என்ற இலவச மென்பொருளைத் தொடங்கினார். அவருக்குப் பார்வையும் இல்லை, காதும் கேட்காது. லூயி பிரெய்லின் பெயரையே அதற்குச் சூட்டினார். ஒவ்வொரு மொழியின் விதிகளும் அதில் தனித்தனி அட்டவணைக் கோப்புகளாக இருக்கின்றன. அந்த மொழியின் பிரெய்ல் தெரிந்தவர்கள் அட்டவணையைத் திருத்தலாம், புதிதாகவும் எழுதலாம். என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பு மென்பொருள் இதைத்தான் பயன்படுத்துகிறது.

தமிழுக்கும் அதில் அட்டவணை உண்டு. இந்திய மொழிகளுக்குப் பொதுவாக 1951-இல் ஏற்கப்பட்ட பாரதி பிரெய்ல்தான் அதற்கு அடிப்படை. இதில் ஒரு வேடிக்கை. நாம் புள்ளியை எழுத்தின் தலைமேல் வைக்கிறோம். கணினி அதை எழுத்துக்குப் பின்னால் சேமிக்கிறது. பிரெய்லிலோ அது எழுத்துக்கு முன்னால் வரும். 'பக்கம்' என்பதை ப, புள்ளி, க, க, புள்ளி, ம என்று விரல் படிக்கும். மென்பொருள் ஒவ்வொரு மெய்யெழுத்திலும் இந்த வரிசையை மாற்றிப் போட வேண்டும். பிரெய்லிலிருந்து தமிழுக்குத் திரும்பும்போது மறுபடியும் புரட்ட வேண்டும்.

இத்தனை பேர் உழைத்து உருவாக்கிய மென்பொருளுக்கு நம்மிடமிருந்து வேண்டியது ஒன்றுதான்: எழுத்து. தண்ணீர் நிறுத்தம், பராமரிப்புக் கட்டணம், பொதுக்குழுக் கூட்டம் என்று எல்லா அறிவிப்புகளையும் நாம் காகிதத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறோம். படத்தில் இருப்பதை இந்த மென்பொருளால் நேரடியாகப் பிரெய்லாக்க முடியாது. அதே செய்தியைத் தட்டச்சு செய்து அனுப்பினால், பார்வையற்ற குடியிருப்பாளரோ விருந்தினரோ யாரையும் கேட்காமல் தாமே படித்துக்கொள்வார். அடுத்த அறிவிப்பிலிருந்தே தொடங்கலாமே!