நாற்பத்தாறு வயதில் தாய்வீடு

டென்மார்க் எழுத்தாளர் கேரன் பிளிக்ஸனை நம்மில் பலர் அறிந்துகொண்டது 1985இல் வெளிவந்த 'அவுட் ஆஃப் ஆப்பிரிக்கா' திரைப்படத்தின் வழியாகத்தான். மெரில் ஸ்ட்ரீப், ராபர்ட் ரெட்ஃபோர்ட், மஞ்சள் புல்வெளிக்கு மேலே ஒரு சிறு விமானம். படம் பார்த்தவர்களுக்கு அது காதற்கதை. 1937இல் அவர் எழுதிய மூலநூலைப் படித்தவர்களுக்கு அது ஒரு நிலத்தின் கதை; அதில் கணவர் ஏறக்குறைய இல்லவே இல்லை. மணவாழ்வு முறிந்தபின் ஒரு பெண் எதைக்கொண்டு பிழைப்பது என்ற கேள்வி இரண்டிலும் பின்னுக்குப் போய்விடுகிறது. அவருடைய கடிதங்களிலோ அதுதான் முன்னால் நிற்கிறது.

1914 ஜனவரியில் மொம்பாசாவில் ப்ரோர் பிளிக்ஸனை அவர் மணந்தார். தாம் முன்பு விரும்பிய ஒருவரின் இரட்டைச் சகோதரர் ப்ரோர். பட்டம் மணமகனுடையது; பணம் மணமகள் வீட்டாருடையது. நைரோபிக்கருகே ங்கோங் மலையடிவாரத்தில் 6000 ஏக்கர் நிலம். மாடு வளர்க்கலாம் என்றுதான் முதலில் பேச்சு. ப்ரோர் காப்பித் தோட்டத்தை வாங்கினார். ஏறத்தாழ 6000 அடி உயரம் அப்பயிருக்கு ஒத்துவரவில்லை. மழையும் போதவில்லை. மணமான ஓராண்டுக்குள் கேரனுக்கு மேகநோய் கண்டது; கணவரிடமிருந்து தொற்றியதென்றே அவர் கருதினார். 1915இல் சிகிச்சைக்காகக் கோபன்ஹேகன் சென்று திரும்பினார்.

1921இல் பங்குதாரர்களான உறவினர்கள் ப்ரோரை நீக்கிவிட்டுத் தோட்டத்தைக் கேரனிடமே ஒப்படைத்தனர். ப்ரோர் இனி அதில் தலையிடக் கூடாது என்பது நிபந்தனை. அவ்வாண்டே தம்பதியர் பிரிந்தனர். மணவிலக்குக் கேட்டவர் ப்ரோர்தான். கேரன் அதற்கு நெடுநாள் இசையவில்லை. 1925இல் அது முடிந்தது. 1928இல் ப்ரோர் மறுமணம் செய்துகொள்ள, நைரோபியின் சின்னஞ்சிறு வெள்ளையர் சமூகத்தில் இரண்டு 'பேரனஸ் பிளிக்ஸன்'கள் ஆயினர். விருந்துகளில் யாரை எங்கே அமர்த்துவது என்று வீட்டுக்காரர்கள் பட்டிருக்கக்கூடிய பாட்டை எண்ணிப் பார்க்கலாம். கேரனுக்கு அது நகைப்புக்குரியதாக இருந்திராது.

இங்கே காலவரிசையைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். அவருடைய நண்பரும் காதலருமான டெனிஸ் ஃபிஞ்ச் ஹாட்டன் விமான விபத்தில் இறந்தது 1931 மே 14 அன்று. படம் பார்த்தவர்கள் அந்த மரணத்தையே வீழ்ச்சியின் உச்சமாகக் கொள்வர். ஆனால் அதற்கு முன்பே தோட்டம் கைவிட்டுப் போயிருந்தது. ஏப்ரலிலேயே கேரன் தம்பி தாமஸுக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டார். (தாமஸ் முதல் உலகப்போரில் விக்டோரியா கிராஸ் பெற்றவர்.) சாவு தமக்கு அவ்வளவு அஞ்சத்தக்கதாகத் தோன்றவில்லை என்கிறார். அதே கடிதத்தில், தாம் ஏதேனும் ஒரு தொழிலைக் கற்றுத் தேறும்வரை தம்பி தாங்க முடியுமா என்றும் கேட்கிறார். சமையற்கலையும் அவர் எண்ணிப் பார்த்தவற்றுள் ஒன்று, எழுத்து மற்றொன்று. சாவையும் சம்பாத்தியத்தையும் அருகருகே வைத்துக் கணக்குப் பார்க்கும் இக்கடிதம், அவர் புனைந்த எந்தக் கதையைக் காட்டிலும் நம்மைக் கலங்கடிப்பது.

அந்த மாதங்களில் அவர் அதிகாரிகளின் வாசலில் காத்துக் கிடந்தது தமக்காக அல்ல. தோட்டத்தில் குடியிருந்த கிகுயு மக்கள் புதிய உடைமையாளரால் வெளியேற்றப்பட இருந்தனர். அவர்களைச் சிதறடிக்காமல் ஒரே இடத்தில் குடியமர்த்த வேண்டும் என்று மன்றாடி, இறுதியில் அனுமதி பெற்றார். இதை அவரது பெருந்தன்மை என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட நமக்கு மனமில்லை. அந்நிலம் முதலில் யாருடையது என்ற கேள்வி அவருடைய குடியேற்றத்தோடும் ஒட்டிக்கொண்டதுதான். நிலமிழந்த பெண்ணுக்குத் திரும்பிச் செல்ல ஒரு வீடாவது இருந்தது.

1931 கோடையில் அவர் அவ்வீட்டுக்கே திரும்பினார். கோபன்ஹேகனுக்கு வடக்கே, கடலோரத்து ருங்ஸ்டெட்லுண்ட். கணவனை விட்டுத் தாய்வீடு வந்தவளை 'வாழாவெட்டி' என்னும் கொடுஞ்சொல் நம் மொழியில் உண்டு. பிள்ளையில்லை, பணமில்லை, உடல்நலமில்லை, வயது 46, கைச்செலவுக்குத் தாயையும் தம்பியையும் எதிர்பார்க்க வேண்டிய நிலை. ஒரு காலத்தில் ஒரு தோட்டத்தையே ஆண்டவருக்கு அது எப்படி இருந்திருக்கும்!

கென்யாவிலேயே தொடங்கியிருந்த கதைகளை அங்கே அமர்ந்து ஆங்கிலத்தில் எழுதி முடித்தார். பிரிட்டிஷ் பதிப்புலகம் வரவேற்கவில்லை. அறியப்படாத ஒருவரின் சிறுகதைகளை யார் வாங்குவார்கள்? 1934இல் அமெரிக்காவில் 'செவன் காதிக் டேல்ஸ்' வெளியானது. மாதப் புத்தகக் கழகம் அதைத் தேர்ந்தெடுக்கவே ஆயிரக்கணக்கான வீடுகளுக்குச் சென்றது. அட்டையில் இருந்த பெயர் ஐசக் டினெசன். டினெசன் அவருடைய பிறந்த வீட்டுப் பெயர். ஐசக் என்பதற்கு எபிரேயத்தில் 'சிரிப்பவன்' என்று பொருள். முதுமையில் கருவுற்ற சாராள் பெற்ற பிள்ளையின் பெயர் அது. கணவர் வழி வந்த பட்டத்தை வாழ்வில் கடைசிவரை விடாதவர், ஆங்கில நூலின் முகப்பில் மட்டும் அதை வைக்கவில்லை.

1962 செப்டம்பர் 7 அன்று அதே வீட்டில் அவர் இறந்தார். தோட்டத்து பீச் மரத்தடியில் அடக்கம் செய்யப்பட்டார். 1931க்குப் பின் ஆப்பிரிக்காவுக்கு அவர் ஒருமுறைகூடச் செல்லவில்லை.