பலபடிச் சுழல் காற்றமுக்கி

பிஸ்டனின் முன்பின் அசைவால் அன்றி, சுழலும் உறுப்புகளால் காற்றை உள்ளிழுத்து, அதன் கனவளவை ஒரே தடவையில் குறைக்காமல் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட படிகளில் குறைத்து அமுக்கத்தை உயர்த்தும் பொறி பலபடிச் சுழல் காற்றமுக்கி எனப்படும். பட்டறைகளில் பிஸ்டன் வகைக்கும் சுழல் வகைக்கும் கம்பிரசர் என்ற ஒரே பெயர்தான். தமிழ் வழங்கும் நிலங்களில் இப்பொறி மிகுதியாக உழைப்பது நாமக்கல் மாவட்டத்துத் திருச்செங்கோட்டிலிருந்து புறப்படும் ஆழ்துளைக் கிணற்று லாரிகளில். இலங்கையின் யாழ்ப்பாண மாவட்டத்துக் காரைநகர் போன்ற தீவில் இதற்கு வேலை குறைவு. அந்த வேறுபாட்டுக்கான காரணங்களை அறிந்தால் பொறியின் வடிவமைப்பும் பெரும்பாலும் விளங்கிவிடும்.

படிகள் எதற்கு

காற்றை அமுக்கினால் அது சூடேறும். 30 பாகை செல்சியஸில் உள்ள காற்றை, வெப்பம் வெளியேற வழியில்லாமல், வளிமண்டல அமுக்கத்தின் எட்டு மடங்குக்கு ஒரே தடவையில் அமுக்கினால் அதன் வெப்பநிலை கணக்குப்படி ஏறத்தாழ 275 பாகையைத் தொடும். மானியில் 7 பார் என்று காட்டும் சாதாரணப் பட்டறை அமுக்கம்தான் இது. சூடேறிய காற்று விரிய முயல்வதால் அதை மேலும் அமுக்கக் கூடுதல் சக்தி வேண்டும். அந்தச் சக்தி முழுவதும் பின்னர் குழாயிலும் தாங்கியிலும் வெப்பமாகவே வீணாகிறது.

இதே வேலையை இரண்டாகப் பிரித்து, முதற்படியில் 2.83 மடங்கு அமுக்கி, இடைக்குளிர்விப்பானில் மறுபடி 30 பாகைக்குக் கொண்டுவந்து, இரண்டாம் படியில் இன்னொரு 2.83 மடங்கு அமுக்கினால் எந்தப் படியிலும் வெப்பநிலை 135 பாகையைத் தாண்டாது. தேவைப்படும் சக்தியும் சுமார் 15 சதவீதம் குறைகிறது. இது இழப்புகள் எதையும் சேர்க்காத கணக்கு. உண்மைப் பொறியில் மிச்சம் இதைவிடக் குறைவு. மூன்றாம் படி சேர்த்தால் இன்னும் சிறிது மிஞ்சும், ஆனால் இன்னொரு சோடி சுழலி, இன்னொரு குளிர்விப்பான், இன்னொரு தொகுதி பேரிங் என விலை ஏறும். 7 பாருக்கு மூன்று படிச் சுழலிகளை யாரும் பொதுவாகக் கட்டாததற்குக் காரணம் அதுவே.

சுழல் வகையில் படி பிரிப்பதற்கு வேறு இரண்டு காரணங்களும் உண்டு. பிஸ்டனுக்கு வளையம் இருப்பது போல, ஒன்றுக்குள் ஒன்று புகுந்து சோடியாகச் சுழலும் திருகுச் சுழலிகளுக்கு இடையே அடைப்பு எதுவும் இல்லை. அவற்றுக்கு நடுவிலும், உறையை ஒட்டியும், மில்லிமீற்றரின் நூறில் சில பங்கு அகலமான இடைவெளி இருந்தே தீரும். வெளிவாயிலுக்கும் உள்வாயிலுக்கும் உள்ள அமுக்க வேறுபாடு கூடக்கூட, அமுக்கிய காற்று அந்த இடைவெளி வழியே பின்னோக்கி ஒழுகும். கூடவே, அந்த வேறுபாடு சுழலிகளைப் பக்கவாட்டில் வளைக்கவும் பேரிங்கை நசுக்கவும் செய்யும். படி பிரித்தால் ஒவ்வொரு சோடியும் தாங்கவேண்டிய வேறுபாடு குறைகிறது.

அளவுகளின் கணக்கு

வடிவமைப்பாளர் முதலில் தீர்மானிப்பது இரண்டு படிகளின் விழுங்கும் கனவளவு விகிதம். முதற்படி நிமிடத்துக்கு 10 கன மீற்றர் காற்றை விழுங்கி 2.83 மடங்கு அமுக்கிக் குளிர்வித்துக் கொடுத்தால், இரண்டாம் படிக்கு வந்து சேர்வது சுமார் 3.5 கன மீற்றர். அவ்வளவையே விழுங்கும் அளவில் இரண்டாம் சோடி இருக்க வேண்டும். அது சிறிதாக இருந்தால் காற்று இடையில் தேங்கி இடையமுக்கம் உயரும், முதற்படி திணறிச் சூடாகும். பெரிதாக இருந்தால் இடையமுக்கம் விழுந்து, சுமை முழுவதும் இரண்டாம் படியின் தலையில் ஏறும். இடையமுக்கத்தை எந்த வால்வும் நிர்ணயிப்பதில்லை, இரண்டு கனவளவுகளும் அவற்றின் வேகங்களுமே நிர்ணயிக்கின்றன. ஆகவே ஓடும் பொறியின் இடையமுக்க மானி அதன் உடல்நிலையைச் சொல்லும் முதல் கருவி. வழக்கத்தைவிட அது உயர்ந்து நின்றால் இரண்டாம் படி தேய்ந்து ஒழுகுகிறது அல்லது இடைக்குளிர்விப்பான் அழுக்கடைந்திருக்கிறது என்று பொருள்.

அடுத்தது உள்ளமைந்த கனவளவு விகிதம். திருகுச் சுழலிகளுக்கு இடையே சிறைப்பட்ட காற்று எவ்வளவு சுருங்கிய பிறகு வெளிவாயில் திறக்கிறது என்பதே அது. 2.83 மடங்கு அமுக்கத்துக்கு, வெப்ப ஏற்றத்தையும் சேர்த்துப் பார்த்தால், கனவளவு சுமார் 2.1 மடங்கு சுருங்கினால் போதும். வாயில் முந்தித் திறந்தால் வெளியே நிற்கும் அமுக்கக் காற்று உள்ளே பாய்ந்து வரும். பிந்தித் திறந்தால் தேவைக்கு மேல் அமுக்கப்பட்ட காற்று சீறி வெளியேறும். இரண்டிலும் சத்தமும் சக்தி இழப்பும் உண்டு.

சுழலிகளின் வகைகள்

ஒரு வட்ட அறைக்குள் மையம் விலகிச் சுழலும் உருளையும், அதன் பிளவுகளில் வழுக்கி வெளியேறி அறைச் சுவரைத் தொடும் தகடுகளும் கொண்ட தகட்டு வகை மிகப் பழையது. இத்தாலியப் பொறியாளர் அகொஸ்தினோ ராமெல்லி 1588இல் வெளியிட்ட பொறிகள் பற்றிய நூலிலேயே இந்த அமைப்பு நீரேற்றும் பம்பாக வரையப்பட்டிருக்கிறது. அமெரிக்காவின் ரூட்ஸ் சகோதரர்கள் 1860இல் காப்புரிமை பெற்ற இருகதுப்பு ஊதி காற்றைத் தள்ளுமே தவிரத் தனக்குள் அமுக்காது. காற்று வாயிலை அடைந்த பிறகே எதிர்ப்பாய்ச்சலால் அமுங்குகிறது. ஆகவே மானியில் 1 பாருக்கு மேல் அதைத் தனியே பயன்படுத்துவது வீண். ஆனால் ஒரே தண்டில் ஐந்தாறு ரூட்ஸ் படிகளை வரிசையாகக் கோத்தால் எண்ணெயில்லாத நல்ல வெற்றிடப் பம்பு கிடைக்கும். கணினிச் சில்லுத் தொழிற்சாலைகளில் அதுவே வழக்கம்.

இன்று தொழில்துறையை ஆள்வது இரட்டைத் திருகு. ஜேர்மனியில் ஹைன்ரிச் கிரிகார் 1878இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் அந்த வளைவுகளைத் துல்லியமாகக் கடைய அக்காலத்தில் இயந்திரம் இல்லை. அரை நூற்றாண்டு கடந்து, 1930களில் சுவீடனின் அல்ப் லிஷோல்ம் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். நான்கு கதுப்புள்ள ஆண் சுழலியும் ஆறு பள்ளமுள்ள பெண் சுழலியும் என்பது அதன் மரபான அமைப்பு. 1960களின் பிற்பகுதியில் சமச்சீரற்ற வளைவு வந்தபின் ஒழுகல் குறைந்து, பிஸ்டனோடு போட்டிபோடும் திறன் கிடைத்தது. விமான எஞ்சினில் உள்ள அச்சுவழி விசிறி வரிசையும் பலபடிச் சுழல் அமுக்கிதான் என்றாலும், அது காற்றைச் சிறைப்பிடிக்காமல் வேகத்தை அமுக்கமாக மாற்றுவது. அதன் கணக்கு வேறு குடும்பத்தைச் சேர்ந்தது.

எண்ணெயோடும் எண்ணெயின்றியும்

எண்ணெய் பாய்ச்சிய திருகில் காற்றோடு சேர்த்து எண்ணெயும் அறைக்குள் பீச்சப்படுகிறது. அது இடைவெளியை அடைக்கும், உராய்வைத் தணிக்கும், வெப்பத்தை அங்கேயே உறிஞ்சும். வெளிவரும் காற்று 80 முதல் 100 பாகைக்குள் நிற்கும். அதனால் ஒரே படியில் 7 பார், வேண்டுமானால் 13 பார்வரைகூடப் போகலாம். இவ்வகையில் இரண்டாம் படி சேர்ப்பது பெரும்பாலும் மின்கட்டணத்தை மிச்சம்பிடிக்க அல்லது 20 பாரைத் தாண்ட. படிகளுக்கு நடுவே பெரிய குளிர்விப்பான் கூடத் தேவையில்லை. இடைவழியில் எண்ணெயைத் திரைபோல் தூவினாலே போதும்.

எண்ணெயில்லாத் திருகில் நிலைமை நேரெதிர். சுழலிகள் ஒன்றையொன்று தொடாமல் இருக்க ஒத்தியங்கு பற்சக்கரங்கள் வேண்டும். ஒழுகலை முந்துவதற்காக மிக வேகமாகச் சுழற்ற வேண்டும். வெப்பம் 200 பாகையைத் தாண்டினால் சுழலி விரிந்து உறையை உரசும் அபாயம் வரும். ஆகவே ஒரு படிக்குச் சுமார் 3.5 மடங்குக்கு மேல் அமுக்குவது அரிது, 7 பாருக்கே இரண்டு படி கட்டாயம். நடுவில் ஒரு பெரிய பற்சக்கரம், அதன் பல்லில் கோத்த இரண்டு சிறு பற்சக்கரங்கள், பெரிய முதற்படி ஒரு வேகத்திலும் சிறிய இரண்டாம் படி அதைவிட உயர்ந்த வேகத்திலும் ஓடும். மருந்து, உணவு, நெசவு ஆலைகளில் காணப்படுவது இதுவே.

திருச்செங்கோடும் கோயம்புத்தூரும்

ஆழ்துளைக் கிணற்றுச் சுத்தியல் துளையின் அடியில் இருந்தே பாறையை இடிக்கிறது. அதை இயக்குவதும், நொறுங்கிய தூளை மேலே தள்ளுவதும் காற்று. துளையில் தண்ணீர் ஊறத் தொடங்கியதும் சிக்கல் வரும். 10 மீற்றர் நீர் நிரல் ஏறத்தாழ 1 பார் எதிரமுக்கம் கொடுக்கும். 150 மீற்றர் நீர் தேங்கிய துளையில் 15 பார் எதிர்ப்பைத் தாண்டினால்தான் காற்று வெளியே வரவே முடியும், சுத்தியல் அடிக்க அதற்கு மேலும் வேண்டும். தமிழ்நாட்டின் கருங்கல் நிலத்தில் நீர்மட்டம் இறங்க இறங்க, துளைகள் ஆயிரம் அடியைத் தொட்டன. கம்பிரசர்களும் அதற்கேற்பப் பெருத்தன. நிமிடத்துக்கு 1,100 கன அடி காற்று, சதுர அங்குலத்துக்கு 300 முதல் 350 இறாத்தல் அமுக்கம் என்பது ரிக் லாரிக்காரர்களிடையே பழகிய அளவு. 350 இறாத்தல் என்றால் 24 பார். ஒரு படித் திருகுக்கு அது எட்டாது. படிக்கு ஐந்து மடங்கு என்று பிரித்த இருபடித் திருகு அதைச் செய்கிறது.

இத்தகைய அமுக்கிகளைக் கட்டுவோரில் ஒன்று கோயம்புத்தூரில் 1960இல் தொடங்கிய எல்ஜி எக்விப்மென்ட்ஸ். பிஸ்டன் கம்பிரசரில் தொடங்கிய நிறுவனம் பின்னர் திருகுச் சுழலிகளைத் தானே வடிவமைத்துக் கடையும் நிலைக்கு வந்தது. 2012இல் இத்தாலியின் ரொட்டேர் நிறுவனத்தை வாங்கியது, 2019இல் யப்பானின் டெமிங் பரிசைப் பெற்றது. சுழலியின் வளைவைத் தானே வரைந்து கடைவதுதான் இத்தொழிலில் கடினமான பகுதி. பொருத்திக் கட்டுவதைப் பலரும் செய்யலாம்.

காரைநகரில்

பொன்னாலைப் பாலம் தாண்டி வரும் காரைநகரில் நிலம் சுண்ணக்கல். அதன் நல்ல தண்ணீர் கடல்நீரின் மேல் மிதக்கும் மெல்லிய வில்லை. கைபன்–ஹெர்ஸ்பேர்க் விதிப்படி, கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே சுமார் 40 அடிக்கே அது நீளும், அதற்குக் கீழ் உவர். ஆயிரம் அடித் துளையிடும் இருபடித் திருகை இங்கே கொண்டுவந்தால் கடலைத்தான் மேலே கொண்டுவரும். தீவு நம்பியிருப்பது ஆழமற்ற வெட்டுக் கிணறுகளை.

படகுத் தொழிலில் கதை வேறு. நோர்வேயில் குடியேறிய அன்ரனி இராஜேந்திரத்தின் முயற்சியாலும் நோர்வே மக்களின் நிதியாலும் 1967இல் இங்கே சீநோர் நிறுவனம் தொடங்கப்பட்டது. அதன் தளத்தில் கண்ணாடியிழைப் படகுகள் கட்டப்பட்டன. இத்தகைய தொழிலில் அச்சைச் சுரண்டவும், தேய்க்கவும், வண்ணம் தூவவும் 6 அல்லது 7 பார் காற்று போதும். இரவு பகலாக ஓடும் பெரிய தளமாக இல்லாவிட்டால் ஒருபடித் திருகே இலாபம். கடலட்டைக் குஞ்சு பொரிப்பகத் தொட்டிகளுக்கு இரண்டு மீற்றர் நீரைத் தாண்டினால் போதும், அதாவது 0.2 பார். அதற்கு ஊதியே சரி.

சிலிண்டர் கட்டி முக்குளிக்கும் கடலட்டைத் தொழிலாளருக்குத் தேவைப்படும் 200 பார்தான் சுழல் வகையின் எல்லையைக் காட்டுகிறது. ஒரு கன மீற்றர் காற்று அந்த அமுக்கத்தில் 5 லீற்றராகிவிடும். அறை சுருங்கலாம், சுழலிக்கும் உறைக்கும் உள்ள இடைவெளி அதே விகிதத்தில் சுருங்காது. எனவே அமுக்கியதில் பெரும்பங்கு ஒழுகியே போகும். வளையமுள்ள பிஸ்டன்கள் மூன்று அல்லது நான்கு படிகளில் அதைச் செய்கின்றன. நான்கு படியென்றால் படிக்கு 3.8 மடங்குக்கும் குறைவு, வெப்பநிலை 170 பாகைக்குள்.

கடலோரக் காற்றின் ஈரம் தனித்த தொல்லை. 30 பாகையில் 80 சதவீத ஈரப்பதமுள்ள ஒரு கன மீற்றர் காற்றில் சுமார் 24 கிராம் நீராவி இருக்கும். அதை 7 பாருக்கு அமுக்கிக் குளிர்வித்தால் 20 கிராம் நீராக வடியும். நிமிடத்துக்கு 10 கன மீற்றர் அமுக்கும் பொறியில் இது மணிக்கு 12 லீற்றர். இருபடிப் பொறியில் அதில் பாதிக்கு மேல் இடைக்குளிர்விப்பானிலேயே வடிந்துவிடும், ஆகவே அங்கே நீர்பிரிப்பானும் வடிகாலும் ஒழுங்காக இயங்காவிட்டால் அந்நீர் இரண்டாம் படிக்குள் போய்த் துருப்பிடிக்கச் செய்யும். எண்ணெய்த் திருகை இடையிடையே நிறுத்தி ஓட்டினால் எண்ணெய் போதிய சூடேறாமல் நீர் அதனுள்ளேயே தங்கும். பார்வைக் கண்ணாடியில் எண்ணெய் பால்நிறமாகத் தெரிந்தால் பேரிங்கின் நாள் எண்ணப்படுகிறது. எண்ணெயைச் சுமார் 70 பாகைக்கு மேல் வைத்திருக்கும் வெப்பக் கட்டுப்பாட்டு வால்வை, சூடாகிறதே என்று கழற்றி எறிவோரும் உண்டு. ஈரமான ஊரில் அதைப்போலத் தவறு வேறில்லை.

பட்டறைத் திருகின் காற்றை முக்குளிப்போர் சுவாசிப்பதற்குக் கொடுக்கக் கூடாது. அதில் எண்ணெய்த் துளி இருக்கும். சிலிண்டர் நிரப்பும் பிஸ்டன் அமுக்கியிலும் சுவாசக் காற்றுக்கென்றே அமைந்த வடிகட்டி வேண்டும். அமுக்கியின் உறிஞ்சுகுழாய் வாயை டீசல் எஞ்சின் புகைக்கு எட்டாத தூரத்தில், காற்று வரும் திசையை நோக்கி வைக்க வேண்டும். புகையில் உள்ள காபனோரொட்சைட்டு அமுக்கப்பட்ட காற்றோடு சிலிண்டருக்குள் போனால், ஆழத்தில் அது ஆளைக் கொல்லும்.