ஆசை என்று பெயர் வைத்த டிராம் வண்டி



அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் 1920 முதல் 1948 வரை ஒரு டிராம் வண்டி ஓடியது. டிசையர் என்ற தெரு வழியாகப் போனதால் வண்டிக்கும் அதே பெயர். டிசையர் என்றால் ஆசை. அந்த ஊரில் குடியிருந்த டென்னஸி வில்லியம்ஸ் அதைத் தன் நாடகத்துக்குத் தலைப்பாக்கினார். 1947 டிசம்பர் 3 அன்று நியூயார்க்கில் அரங்கேறி 855 முறை நடந்தது. மறு ஆண்டு புலிட்சர் பரிசு. 23 வயது மார்லன் பிராண்டோவை ஊரறியச் செய்ததும் இதுதான்.

நாயகி பிளாஞ்ச் நம்மைப் போல ஒரு ஆசிரியை. பரம்பரைப் பண்ணை வீடு கடனில் போயிற்று. கணவன் இளம் வயதிலேயே தற்கொலை செய்துகொண்டான். போக்கிடம் இல்லாமல் தங்கை ஸ்டெல்லாவின் இரண்டு அறை வீட்டுக்கு வருகிறாள். வயது தெரியக்கூடாது என்று பல்பின் மேல் காகிதக் கூடு மாட்டுகிறாள். வாய் திறந்தால் பழைய பெருமை, பாதி பொய்.

17 வயது மாணவனோடு பழகியதால் வேலை இழந்தவள் அவள். வகுப்பறையிலேயே வாழ்நாளைக் கழித்த எனக்கு அது மன்னிக்க முடியாத குற்றம். ஆனால் அதன்பின் நடப்பதுதான் நெஞ்சை அறுக்கிறது. தங்கையின் கணவன் ஸ்டான்லி அவளைப் பலவந்தம் செய்கிறான். அவள் சொல்கிறாள், தங்கை நம்பவில்லை. நம்பினால் கைக்குழந்தையோடு அந்த வீட்டில் எப்படி வாழ்வது? பிளாஞ்ச் மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்படுகிறாள். அக்காள் வாழ்வதற்குப் பொய் சொன்னாள். தங்கை வாழ்வதற்கு உண்மையைப் பொய்யென்றாள்.

வில்லியம்ஸின் சொந்த அக்காள் ரோஸ் மனநோயாளி. 1943இல் அவருக்கு மூளையில் அறுவை சிகிச்சை செய்தார்கள். பிறகு அவர் பழைய ரோஸாகத் திரும்பவே இல்லை. தடுக்க முடியவில்லையே என்ற வேதனை தம்பிக்குக் கடைசிவரை இருந்தது. நான்கு ஆண்டு கழித்து அவர் எழுதிய முடிவைப் படிக்கும்போது எனக்கு ரோஸ்தான் நினைவுக்கு வருகிறார்.

1951இல் படமானபோது தணிக்கைக்காரர்கள் ஸ்டான்லிக்குத் தண்டனை வேண்டும் என்றார்கள். அதனால் படத்தில் ஸ்டெல்லா குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவனை விட்டுப் போகிறாள். நாடகத்தில் போகவில்லை. நாடகத்தில் இருப்பதுதான் உலகம் என்று எனக்குத் தோன்றுகிறது.

பிள்ளைகளே, முன்பு பொய் சொன்னவர் என்பதற்காக, ஒருவர் அழுதுகொண்டு சொல்லும் உண்மையைக் கேட்காமல் இருந்துவிடாதீர்கள். நம் வீட்டுப் பெண் என்றால் இன்னும் ஒருமுறை கூடுதலாகக் கேளுங்கள்.